ஊசியிலைக் கிளைகள் போட்ட இடம்

எஸ்பியா, 12 ஜூன் 2007

அன்புள்ள ஆஸ்தா அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதற்கு மேல் என் உடம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உன் முட்டி எப்படி இருக்கிறது? தோர்கிலின் இறுதிச் சடங்குக்கு அந்த முட்டியோடு இரண்டு ரயில் மாறி வந்தாயே, அதை நான் மறக்க மாட்டேன்.

வீட்டில் சத்தமே இல்லை. அவர் மூக்கில் குழாய் மாட்டி வைத்திருந்த அந்த மிஷினை ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். ஒன்பது வருஷம் அதன் இரைச்சலைத் திட்டினேன். இப்போது ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

உன்னிடம் ஒரு காரியம் சொல்ல வேண்டும். அவருடைய சாம்பலை நவம்பர் கடைசி வரை தகன நிலையத்தில் வைத்திருப்பார்களாம். அது எங்கே போக வேண்டும் என்று உனக்குத் தெரியும். ஹவ்ரூப்பில், என் சிஸ்ஸெலோடு. மூன்று வயதுப் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு, மீன் ஆலை வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாங்கள். "திரும்பிப் போறதுன்னா அவ பக்கத்துலதான்" என்று கடைசி வாரம்கூடச் சொன்னார். அந்த இடத்தின் காகிதங்கள் உன் பெயரில் இருப்பதால் நீதான் கல்லறைத் தோட்டக்காரரிடம் பேச வேண்டும். ஒரு சின்னக் கலசம். சின்னக் குழி போதும்.

இன்னொன்று. ஜனவரியில் அவர் எனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருக்கிறார். முதியவர்களுக்கு ஒரு வாரக் கல்விப் பயணமாம். மேற்குக் கரை முழுக்கப் பஸ்ஸில் கூட்டிப் போய்ப் பாடம் நடத்துவார்களாம். இரண்டு இடம் பதிந்து வைத்திருக்கிறார். பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கிய மனிதர். எதற்கு என்று அந்தத் தாளைப் படித்த பிறகுதான் புரிந்தது. நான்காம் நாள், ஹவ்ரூப் சர்ச். அவர் இடத்தை ரத்து செய்துவிட்டேன். என் இடத்தை ரத்து செய்யவில்லை. செப்டம்பரில் வருகிறேன்.

உன் தங்கை,
ரிக்மோர்


ஹவ்ரூப், 9 ஜூலை

அன்புள்ள ரிக்மோர்,

கடவுள் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? புது உருளைக்கிழங்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாளி கொடுத்தார். தனி ஆளுக்கு எத்தனை நாள் வரும் சொல்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தோட்டக்காரர் விடுமுறையில் போயிருக்கிறார். பாதிரியாரும் புதிது, அவரிடம் எதையும் கேட்க முடியாது.

நான் ஒன்று சொன்னால் கோபப்படாதே. எஸ்பியாவிலேயே நல்ல கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நிழல் இருக்கிறது. நீ தினமும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இங்கே வைத்துவிட்டு எப்போது வந்து பார்ப்பாய்? உப்புக் காற்று வேறு, வைத்த செடி ஒன்றும் நிற்பதில்லை.

அப்புறம் அந்தப் பயணம் உனக்கு எதற்கு? படித்தவர்கள் கூட்டம். உன்னைக் கேலி செய்வார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஆஸ்தா


எஸ்பியா, 14 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தில் உன் முட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் வலி இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

எஸ்பியாவின் நிழலை நீயே வைத்துக்கொள். அவர் கேட்டது நிழல் இல்லை.

நாங்கள் வந்து பார்க்கவில்லை என்று நீ சொல்லலாம். சொல்லாமல் சொல்லிவிட்டாய். ஒன்பது வருஷம் அவரை விட்டு நகர முடியாமல் இருந்தேன். அந்தக் குறையை நீதான் தீர்த்தாய். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், கல்லறைகளைக் கிளை போட்டு மூடும் சமயத்தில், உன் கடிதம் வரும், "பிள்ளைக்கு ஊசியிலைக் கிளைகள் போட்டுவிட்டேன், குளிராமல் இருப்பாள்" என்று. அதை அவருக்குப் படித்துக் காட்டுவேன். "ஆஸ்தா போட்டா அடர்த்தியாப் போடுவா" என்பார். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். உனக்கு அது தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

தோட்டக்காரர் ஆகஸ்டில் வந்துவிடுவார் அல்லவா?

ரிக்மோர்


ஹவ்ரூப், 20 ஆகஸ்ட்

ரிக்மோர்,

தபால் அட்டையில் இடமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். முட்டி மறுபடி வீங்கிவிட்டது. செப்டம்பர் இரண்டாம் வாரம் நான் ஊரில் இல்லை, என் வில்லாத்ஸின் தங்கை வீட்டுக்குப் போகிறேன். நீ வரும்போது பார்க்க முடியாது. சர்ச் பக்கம் காற்று பலமாக இருக்கும், பஸ்ஸை விட்டு இறங்க வேண்டாம். நலமாக இரு.

ஆஸ்தா


கரையோரக் கல்விப் பயண விடுதி, 11 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நாத்தனார் வீட்டில் சௌகரியமாக இருக்கிறாயா? திரும்பி வந்து படிப்பாய் என்று உன் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன்.

முப்பத்தோரு வருஷம் மீன் குடல் எடுத்தவள் நான். கை நிறைய அழுகல் வந்தபோதும் குமட்டியதில்லை. இங்கே வந்து மூன்று நாளில் நாலு தடவை குமட்டிவிட்டது.

முப்பத்தெட்டுப் பேர். எல்லாருக்கும் நெஞ்சில் ஒரு அட்டை. அதில் பெயர், கீழே "எதை அறிய ஆவல்" என்று ஒரு கோடு. நான் ஒன்றும் எழுதவில்லை. மெட்டே என்று நடத்துகிறவள் ஒருத்தி, ஐம்பது வயது இருக்கும், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவளே "கடல்" என்று எழுதிவிட்டாள். கடலைப் பற்றி நான் அறிய என்ன இருக்கிறது?

காலையில் எழுந்ததும் பாட்டு. சாப்பாட்டுக்கு முன்னால் பாட்டு. பாடத்துக்கு முன்னால் பாட்டு, முடிந்ததும் பாட்டு. ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம் கையில். ஈரல் கூழ் தடவிய ரொட்டி வாயில் இருக்கும்போதே சிலர் முனக ஆரம்பித்துவிடுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படி இருக்கும்?

நேற்றுத் துறைமுகத்தில் "மீனவர் வாழ்க்கை" என்று பாடம். ஒரு ஆள் புது ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒரு தட்டை மீனை ஆறு நிமிஷம் அறுத்தான். பாதிச் சதை முள்ளோடு போனது. எல்லாரும் கை தட்டினார்கள். மீன்தூள் ஆலையைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லாரும் ஸ்கார்ஃபை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். தோர்கில் இருபத்தாறு வருஷம் அந்த நாற்றத்தோடுதான் என் பக்கத்தில் படுத்தார்.

ப்ரெபென் என்று ஒருவர். பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டே திரிகிறார். பாடம் நடத்துபவரையே நடுவில் திருத்துகிறார். என்னிடம் வந்து நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். மீன் குடல் எடுத்தேன் என்றேன்.

"ஓ. ரொம்பச் சுவாரசியமான வேலையாச்சே."

"நீங்க தின்னப்ப சுவாரசியமா இருந்துச்சா?" என்றேன்.

அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். தோர்கில் இருந்திருந்தால் இருமி இருமிச் சிரித்திருப்பார்.

இன்று கரையில் செத்த கடல்நாய் ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. வயிறு வெடித்திருந்தது. அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். பிறகு கை கழுவாமல் கேக் தின்றார்கள்.

நாளைக்கு ஹவ்ரூப். அதற்காகத்தான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

ரிக்மோர்


அதே விடுதி, 12 செப்டம்பர், சாயங்காலம்

அக்கா,

இன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். என்னால் அப்படித்தான் முடியும்.

பத்து மணிக்கு ஹவ்ரூப் சர்ச்சில் இறங்கினோம். இன்றைய பாடம், கல்லறைக் கற்களைப் படிப்பது. மெட்டே ஆளுக்கொரு பெரிய தாளும் கரித்துண்டும் கொடுத்தாள். கல்லின் மேல் தாளை வைத்துக் கரியால் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறும். ஆளுக்கொரு கல், விடுதிக்குத் திரும்பியதும் காபி நேரத்தில் அந்த மனிதரைப் பற்றி நாமே யோசித்து ஒரு கதை சொல்ல வேண்டும். செத்தவர்களை வைத்து விளையாட்டு.

நான் கரித்துண்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நேரே தெற்குச் சுவர்ப் பக்கம் போனேன். மூன்றாவது வரிசை, சுவரிலிருந்து ஐந்தாவது. அங்கே கறுப்பாகப் பளபளவென்று ஒரு கல். பல் மருத்துவர் என்று போட்டிருந்தது. 2002இல் செத்திருக்கிறார். மறுபடி எண்ணினேன். வாசலிலிருந்து எண்ணினேன். சுவரிலிருந்து எண்ணினேன். பல் மருத்துவர்தான் வந்தார். ஒன்பது வருஷமாக வரவில்லை, என் தலைதான் குழம்பிவிட்டது என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. என் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று எனக்கே தெரியவில்லை என்று எந்த வாயால் கேட்பேன்?

நாலு மணிக்குக் காபி. கிரீம் வைத்த கேக். ஒவ்வொருவராக எழுந்து கதை சொன்னார்கள். கப்பல் தலைவன், மாவு ஆலைக்காரன், மூன்று பெண்டாட்டி கட்டிய பண்ணைக்காரன். சிரிப்பு. பிறகு ப்ரெபென் எழுந்தார். வடக்குச் சுவர் ஓரம் எடுத்துப் போட்ட பழைய கற்கள் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கின்றன என்றும், அதில் ஒரு சின்னக் கல்லின் எழுத்தைத் தேய்த்து எடுத்ததாகவும் சொல்லித் தாளை விரித்தார்.

ஒரு பக்கம் இறக்கை உடைந்த குருவி. கீழே: எங்கள் சின்ன சிஸ்ஸெல், 1963–1966.

அந்த இறக்கையை உடைத்தது தோர்கில். கல்லை வண்டியிலிருந்து இறக்கும்போது சக்கரத்தில் இடித்துவிட்டார்.

ப்ரெபென் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "பெத்தவங்க எளிய ஜனங்க போலிருக்கு. பிழைக்க வேற ஊருக்குப் போயிருப்பாங்க. வேற பிள்ளைங்க பிறந்திருக்கும். வருஷம் போகப் போக இவளை மறந்துட்டாங்க. அதான் கல்லு சுவரோரம் வந்திடுச்சு. மனுஷ சுபாவம் அப்படித்தான்."

தலையாட்டினார்கள். ஒருத்தி கிரீமை நக்கிக்கொண்டே "பாவம்" என்றாள். நான் என் கேக் தட்டைத் தள்ளி வைத்தேன்.

நான் எழுந்து, "அது எம் பிள்ளை" என்றேன். "வேற பிள்ளை பிறக்கல" என்றும் சொன்னேன்.

மெட்டே எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்ன செய்தாள் தெரியுமா? பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "ஒரு பாட்டுப் பாடலாமா?" என்றாள் மெதுவாக. இந்த நாட்டில் நமக்கு என்ன செய்வதென்று தெரியாவிட்டால் பாடுவோம், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிக் காபிப் பானைக்குள் போட வேண்டும் போலிருந்தது.

"வேணாம் மெட்டே, உக்காருங்க" என்றார் ப்ரெபென். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்தது.

நாளைக் காலையில் பஸ்ஸைத் திருப்பி ஹவ்ரூப்புக்கு விடச் சொல்லியிருக்கிறேன். தோட்டக்காரரிடம் கேட்பேன். அதற்கு முன்னால் உன்னிடம் கேட்கிறேன், அக்கா. உனக்குத் தெரியுமா?

ரிக்மோர்


ஹவ்ரூப், 17 செப்டம்பர்

ரிக்மோர்,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. அவை வருவதற்கு முன்பே கல் வந்துவிட்டது.

நான் எங்கும் போகவில்லை. நாத்தனார் வீடு என்று எழுதியது பொய். வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சமையலறைத் திரைக்குப் பின்னால்தான் நின்றேன். அவ்வளவு பெரிய பஸ் எங்கள் சந்தில் நுழைந்ததே இல்லை. பெட்டிகள் வைக்கும் அடிப்பகுதியைத் திறந்து, டிரைவரும் உயரமான ஒரு கிழவரும் போர்வையில் சுற்றி எதையோ இறக்கினார்கள். அந்தக் கிழவர் மூச்சு வாங்க ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மறுபடி தூக்கினார். என் ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தார்கள். எழுத்து வீட்டைப் பார்த்தபடி.

நீ முன் சீட்டில் இருந்தாய். இறங்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் நிற்பது உனக்குத் தெரிந்ததா?

பாத்திரம் கழுவும்போதெல்லாம் பிள்ளையின் பெயர்தான் கண்ணில் படுகிறது. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

ஆஸ்தா


எஸ்பியா, 20 செப்டம்பர்

ஆஸ்தாவுக்கு,

தெரிந்தது. திரை ஆடியது.

தோட்டக்காரர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். இடத்தின் குத்தகைக் காலம் முடிகிறது, நீட்டிக்க வேண்டுமா என்று 2000இல் உனக்கு இரண்டு தடவை காகிதம் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கையெழுத்துப் போதும். பதில் இல்லை. அதனால் செடியைப் பிடுங்கி, கல்லை எடுத்து, மேல்மண்ணை மட்டும் வாரிச் சமன் செய்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. குழந்தையின் கல் என்பதால் உடைத்துச் சரளையாக்க மனசு வரவில்லை என்றார். சம்பளத்துக்கு மண் வெட்டுகிற ஒரு அந்நியனுக்கு மனசு வரவில்லை.

ஏழு கிறிஸ்துமஸ். ஏழு கடிதம். டப்பாவிலிருந்து எடுத்து மேஜையில் அடுக்கி வைத்திருக்கிறேன். "குளிராமல் இருப்பாள்." கையால் தொடப் பிடிக்கவில்லை, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு எடுத்தேன். என் கணவர் அவற்றைக் கேட்டுவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். பொய்யின் மேல் தலை வைத்துப் படுத்திருந்திருக்கிறார்.

அந்த ஆய்வாளர் தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "நான் பொதுவாத்தான் சொன்னேன்" என்றார். மன்னிப்புக் கேட்கக்கூடத் தெரியாத மனிதர். ஆனால் கல்லைத் தூக்கினார். நீ என்ன தூக்கினாய்?

நலமா என்று கேட்காதே.

ரிக்மோர்


ஹவ்ரூப், 10 அக்டோபர்

ரிக்மோர்,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

அந்த வருஷம் வில்லாத்ஸுக்குப் புத்தி தடுமாறியிருந்தது, உனக்குத் தெரியும். கதவைத் திறந்துகொண்டு கடல் பக்கம் போய்விடுவார். என்னையே யாரென்று கேட்பார். வந்த உறைகளையெல்லாம் ரொட்டி டப்பாவில் போட்டுவிடுவேன், பிரிக்கக்கூட மாட்டேன். உன்னிடம் இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது அது.

டிசம்பரில் கிளைகளை வெட்டிக்கொண்டு போனேன். அங்கே வெறும் சரளை, வாரிய கோடு அழியாமல் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ. பிறகு கிளைகளை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். சரளையின் மேல். அவள் கீழேதானே இருக்கிறாள். வீட்டுக்கு வந்து உனக்கு எழுதினேன், பிள்ளைக்குப் போட்டுவிட்டேன் என்று. உன் வீட்டில் ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது வேறு எப்படி எழுதுவேன் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த வருஷமும் அதையே நினைத்தேன்.

பிறகு பல் டாக்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அவர் மேல் போட்டேன். ஒவ்வொரு வருஷமும் போட்டேன், ரிக்மோர். அடர்த்தியாகத்தான் போட்டேன். அவர் மனைவி கோபன்ஹேகனில் இருக்கிறாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "என் கணவரை மறக்காத நல்ல உள்ளத்துக்கு" என்று எழுதி எனக்கு ஒரு பெட்டி சாக்லேட் அனுப்பினாள். தின்னவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. பூஞ்சை பூத்து இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் என்னையே எனக்குப் பிடிக்காமல் போகும்.

நீ இறங்கி வந்து ஒரு அறை அறைந்திருக்கலாம்.

ஆஸ்தா


ஹவ்ரூப், 5 நவம்பர்

ரிக்மோர்,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டாம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், நவம்பர் கடைசி நெருங்கிவிட்டது.

தோட்டக்காரரிடம் நானே போனேன். இந்தத் தடவை நிஜமாகவே போனேன். பல் டாக்டரின் இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தெற்குச் சுவரை ஒட்டிக் கலசம் வைக்க ஒரு சின்ன இடம் இருக்கிறது. பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து நடந்து பார்த்தேன், என் காலடியில் பதினொன்று. சின்னக் கல்லை அங்கே மறுபடி நிறுத்தலாம், அதன் கீழே தோர்கிலின் பெயரையும் வெட்டலாம் என்றார். காகிதத்தை உன் பெயரில் போடச் சொல்லிவிட்டேன். என் பெயர் எங்கும் இல்லை. உன் கையெழுத்துக்காக இதோடு வைத்திருக்கிறேன்.

கல்லைக் கழுவி வைத்திருக்கிறேன்.

ஆஸ்தா


எஸ்பியா, 13 நவம்பர்

அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டு நேரே தோட்டக்காரருக்கு அனுப்பிவிட்டேன். உன் கையில் கொடுக்கவில்லை.

இருபத்தேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு அவரை வைக்கிறோம். கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வருகிறேன். பாதிரியார் வேண்டாம், பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கல்லைத் தோட்டக்காரர் தள்ளுவண்டியில் வந்து எடுத்துக்கொள்வார், கதவைத் திறந்து விடு.

உன்னை நினைத்தால் இன்னமும் எனக்குக் குமட்டுகிறது. அது எப்போது நிற்கும் என்று தெரியாது. நிற்காமலும் போகலாம். அந்தச் சாக்லேட்டை நான் வருவதற்கு முன்னால் குப்பையில் கொட்டிவிடு.

உன் முட்டி எப்படி இருக்கிறது என்று நலம் விசாரிக்கவில்லை. குனிய முடியுமா என்று மட்டும் கேட்கிறேன். ஊசியிலைக் கிளைகளை நீயே வெட்டிக்கொண்டு வா. இரண்டு இடத்துக்குப் போதுமான அளவு வேண்டும். சுவரோரம் அவருக்கு. பதினோரு காலடி தள்ளி, அந்தப் பல் டாக்டர் மேலும். பிள்ளை அங்கேதானே இருக்கிறாள்.

நான் ஒரு கிளையும் தொட மாட்டேன். நீதான் போட வேண்டும். நான் பக்கத்தில் நின்று என் கண்ணால் பார்ப்பேன்.

ரிக்மோர்